ஓரம் அகலமான புத்தகம்

ஹெஸ்டரின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிறவர் தனக்கு என்ன கஷ்டம் என்று வாயைத் திறக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு இடது கையை மரக் கிண்ணத்துக்குள் விட்டு, விரலில் அகப்படுகிற கல்லை எடுக்க வேண்டும். ஆள் கல்லைத் தேர்ந்தெடுப்பதில்லை, கல்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்பது இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி ஊரில் நேற்றுப் பிறந்ததுக்குக்கூடத் தெரியும். எடுத்த பிறகு, மேஜைமேல் இருக்கும் புத்தகத்தைத் திறந்து அந்தக் கல் எதற்கு ஆகும் என்று ஹெஸ்டர் உரக்கப் படிப்பாள். கேட்டவர்களில் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிடும். மீதிப் பேர், இது எப்படிக் கல்லுக்குத் தெரிந்தது என்று ஆச்சரியப்படுவார்கள்.

அந்த ஒரு தெருவில் மட்டும் கல் விற்கிற கடை பதினொன்று. எல்லாக் கடையிலும் அதே ஸ்படிகம், அதே செவ்வந்திக்கல், அதே ஊதுபத்தி வாசனை. ஹெஸ்டரின் கடையைத் தேடி ஆள் வந்ததற்குக் காரணம் கல் அல்ல, புத்தகம்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், கடை திறந்த புதிதில், சர்ச் ஹாலில் நடந்த பழைய சாமான் விற்பனையில் இரண்டு ஜாம் பாட்டிலோடு சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தது அது. நீல அட்டை. எழுதியவர் எந்தக் கல்லைப் பற்றியும் ஒரு குறை சொல்ல மனம் வராத நல்ல மனிதர். அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஓரத்தில் யாரோ பென்சிலால் சொல்லி வைத்திருந்தார்கள். மலக்கைட் கல்லை இரவெல்லாம் நீரில் ஊறவைத்துக் காலையில் பருகினால் மனபாரம் நீங்கும் என்று அச்சில் இருக்கும். பக்கத்திலேயே பென்சில்: "பருகாதே. இது செம்பு. பாரம் வாய் வழியாக நீங்கும்." ஸ்படிக உருண்டையை வெயிலில் வைத்துச் சக்தி ஏற்ற வேண்டும் என்று அச்சு சொல்லும். பென்சில் சொல்லும்: "ஜன்னலில் வைக்காதே. திரைச்சீலை ஏற்கெனவே ஒரு தடவை எரிந்தது." செலினைட் பக்கத்தில், "கழுவாதே, கரையும். எத்தனை தடவை சொல்வது?"

ஹெஸ்டர் அச்சை மெல்லிய குரலிலும் பென்சிலைத் தடித்த ஆண் குரலிலும் படிப்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பென்சில் சொன்னதைத்தான் நினைவில் வைத்துக்கொண்டு போவார்கள். அந்த எழுத்துக்கு உரியவரைப் பென்சில்காரர் என்று அழைத்தாள். வெள்ளைத் தாடி, ஓய்வுபெற்ற கப்பல் டாக்டர், வாயில் பைப், சிடுமூஞ்சி. இப்படித்தான் மனதில் ஒரு படம். "எத்தனை தடவை சொல்வது" என்று அவர் யாரிடம் அலுத்துக்கொண்டார் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

பென்சில்காரருக்கு அவள் பட்டிருந்த கடன் சின்னதல்ல. பதினொரு வருடத்துக்கு முன்னால், ஒரு குளிர்காலத்தில், அவளுக்குத் தெருவிளக்கைச் சுற்றி வண்ண வண்ணமாக வளையம் தெரிய ஆரம்பித்தது. கார் விளக்கைச் சுற்றி, மெழுகுவத்தியைச் சுற்றி, எங்கும் வானவில். வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பாள். இந்த ஊரில் அதற்குப் பெயர் ஒளிவட்டம். இருபது வருடம் தியானத்தில் உட்கார்ந்தும் கிடைக்காத பாக்கியம் கடைசியில் கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து மாடியில் சீட்டுப் போட்டுக் குறி சொல்லும் காரிஸ் ஒரு கேக்கே செய்து எடுத்து வந்தாள்.

"அடியே, மூணாவது கண்ணு திறந்திருக்கு உனக்கு. தலவலி வரத்தான் செய்யும், கதவு திறக்கிறப்ப கிறீச்னு சத்தம் வராதா?"

தலைவலிக்கு எந்தக் கல் என்று பார்க்கத்தான் ஹெஸ்டர் புத்தகத்தைப் பிரித்தாள். நாற்பத்தொன்றாம் பக்கம், செவ்வந்திக்கல். பிறருக்கு எத்தனையோ தடவை படித்த பக்கம்தான், தனக்கென்று படித்ததில்லை. ஓரத்தில், மற்ற எல்லா இடத்தையும்விட அழுத்தமாக எழுதியிருந்தது. "தலைவலியோடு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அது மூன்றாவது கண் அல்ல. இருக்கிற இரண்டு கண் போய்க்கொண்டிருக்கிறது. கல்லைக் கீழே வை. இன்றே ஆஸ்பத்திரி. நாளை அல்ல, இன்றே." கேக்கை வாயில் வைத்தபடியே பஸ் ஏறினாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளும்போது பென்சில்காரருக்கு ஒரு நன்றி சொல்வது அவள் வழக்கம். இருக்கிறாரோ போய்விட்டாரோ, நன்றி அவரை எட்டட்டும் என்று சொல்வாள்.

சொட்டு மருந்து வாங்குவது எதிர்த்த மருந்துக்கடையில். அதை நடத்துகிறவர் மிஸ் டர்ஸ்டன். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான, எப்போதும் வெள்ளைக் கோட்டில் இருக்கும் பெண்மணி. ஹெஸ்டர் கடை திறந்த முதல் வாரமே உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல புத்திக்கு ஏதாவது இருந்தா மொதல்ல நீங்க ஒண்ணு எடுத்துப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர். பத்தொன்பது வருடமாக அந்த வார்த்தை ஹெஸ்டரின் தொண்டையில் முள்ளாக நின்றது. மாதம் ஒரு முறை மருந்துப் பையை நீட்டும்போது, "ரெண்டு கண்ணுக்கும், மறக்காம" என்பார். அவ்வளவுதான் இருவருக்கும் பேச்சு.

இந்த ஏப்ரலில் நீலப் புத்தகம் தன் கடைசிக் காலத்துக்கு வந்துவிட்டது. முதுகு பிளந்து, பக்கங்கள் தனித்தனியாகக் கழன்று, ரப்பர் பேண்டு போட்டுத்தான் நின்றது. பென்சில் எழுத்தும் பல இடத்தில் கட்டைவிரல் பட்டுப் பட்டுச் சாம்பல் புகையாகிவிட்டது. வசந்தத்தை வரவேற்கும் மே முதல் தேதி ஊர்வலத்துக்குக் கூட்டம் அள்ளும். அதற்குள் புதுப் புத்தகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று மூன்று புத்தகங்களை வரவழைத்தாள்.

முதலாவது தலையணை கனம், ஆயிரத்துச் சொச்சம் கற்கள், எறும்பெழுத்து. இரண்டாவது, பார்த்தாலே எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றும் வழவழப்பு, பக்கம் முழுக்கக் கல்லின் படம், நடுவில் நாலு வரி கவிதைபோல். மூன்றாவது பழுப்பு அட்டை, சொரசொரத் தாள், எந்தக் கல்லைப் பார்த்தாலும் உருளைக்கிழங்குபோலத் தெரிகிற அழுக்குப் படங்கள். மூன்றையும் இரண்டிரண்டு நாள் மேஜையில் வைத்துப் பார்ப்பது, எது ஜனங்களுக்குப் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்வது, பிறகு நிதானமாக உட்கார்ந்து பென்சில்காரர் எழுதியதில் மிச்சம் இருப்பதை அதில் எடுத்து எழுதிக்கொள்வது. இதுதான் அவள் போட்ட திட்டம். வரிசையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை.

தலையணைப் புத்தகம் இரண்டு நாளில் தோற்றது. தேடி எடுப்பதற்குள் வந்தவர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் வழவழப்பு மேஜைக்கு வந்தது, அன்றே எல்லோரையும் மயக்கிவிட்டது. காரிஸ் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, இதைவிட்டால் உனக்குப் பைத்தியம் என்றாள். ஹெஸ்டரும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

அன்று மதியம் லினெட் வந்தாள். இருபத்திரண்டு வயது. ஊருக்கு வெளியே எங்கோ வாய்க்கால் ஓரம் ஒரு வேனுக்குள் குடியிருக்கிற பெண். இடுப்பில் வில்லோ, ஏழு மாதக் குழந்தை, எச்சில் ஒழுகி, கன்னம் சிவந்து, ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது. பல் முளைக்கிறது, நாலு ராத்திரியாகத் தூங்கவில்லை, யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடிப்போகலாமா என்றிருக்கிறது என்று லினெட் வழக்கத்தை மீறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஹெஸ்டர் குழந்தையை வாங்கி, அதன் இடது கையைக் கிண்ணத்தில் விட்டாள். குழந்தை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தியது. பார்த்தால் அம்பர், பழைய மரப்பிசின் கல்லாக இறுகியது, தேன் நிறத்தில்.

புதுப் புத்தகத்தில் அம்பருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். "காட்டின் பழைய வெயில், பல் முளைக்கும் மழலையின் கழுத்தில் மாலையாகி, வலியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும்." படிக்கும்போது ஹெஸ்டருக்கே மெய்சிலிர்த்தது. கடையில் அம்பர் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே உட்கார்ந்து கோத்தது, முப்பத்துமூன்று மணி. அதை எடுத்துக் குழந்தையின் கழுத்தில் இரண்டு சுற்றாகப் போட்டு, என் அன்பளிப்பு என்றாள். லினெட் அவளைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள்.

"என் அம்மாகூட இப்படிச் செஞ்சதில்ல" என்றாள்.

மாலை ஐந்தரைக்குக் கடையைச் சாத்தும் நேரம். ஹெஸ்டர் ஒரு கோப்பை டீயோடு உட்கார்ந்து, புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். மனம் இன்னும் குளிர்ந்திருந்ததால் முதலில் அம்பர் பக்கத்தைத்தான் எடுத்தாள். நீலப் புத்தகத்தில் அந்தத் தாள் கையோடு கழன்று வந்தது. ஓரத்தில் பென்சில் தெளிவாக இருந்தது. "குழந்தையின் கழுத்தில் எதையும் கட்டாதே. கயிறு இறுக்கும், மணி தொண்டையை அடைக்கும். ஈறுக்குக் குளிர்ந்த கரண்டி போதும்."

டீக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். பத்தொன்பது வருடமாகத் தன் வாயாலேயே படித்துக்காட்டிய வரி. எத்தனை தாய்மாரிடம் அதைத் தடித்த குரலில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். கோக்கும்போது மணிக்கு மணி முடிச்சுக்கூடப் போடவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லினெட்டின் போன் நம்பர் கிடையாது. வாய்க்கால் என்றால் ஊரைச் சுற்றிய சதுப்பு வெளியில் நூறு வாய்க்கால். தாளைக் கையில் பிடித்தபடி தெருவுக்கு ஓடி வந்தாள். எதிரே மிஸ் டர்ஸ்டன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"லினெட் எங்க இருக்கா? அந்த வேன் பொண்ணு. உங்ககிட்டதான மருந்து வாங்குவா."

"என்ன கல்லுக்காரம்மா, மூச்சு வாங்குது? கடைக்கு வர்றவங்க வீடு எங்கன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல."

"அந்தக் கொழந்த கழுத்துல நான் மால போட்டு அனுப்பிட்டேன். இதப் படிங்க. படிச்சுட்டு என்ன வேணா திட்டுங்க."

மிஸ் டர்ஸ்டன் தாளை வாங்கினார். மூன்று வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது, அவர் படித்துக்கொண்டே நின்றார். திட்டு வரும் என்று ஹெஸ்டர் காத்திருந்தாள். மிஸ் டர்ஸ்டன் தாளை மடிக்காமல் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கார்ச் சாவியை எடுத்தார்.

"வீட்ட சொல்ல முடியாது. ஆனா நான் இப்ப அங்கதான் போறேன். பக்கத்து சீட்டு காலியா இருக்கு."

கார் ஊரைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற பாதையில் போனது. ஹெஸ்டர் மனதுக்குள் தனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும், சில கற்களையும்கூட, கூப்பிட்டுப் பார்த்தாள். எந்தப் பெயரும் நிலைக்கவில்லை.

பச்சை வேனுக்குப் பின்னால் லினெட் விறகு பிளந்துகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. உதட்டில் விரல் வைத்து, "தூங்கறா. மால போட்டதுலேர்ந்து ஒரே தூக்கம். நீங்க தெய்வம்" என்றாள். அந்த வார்த்தையை ஹெஸ்டர் தாங்கிக்கொள்ளவேண்டியிருந்தது. மிஸ் டர்ஸ்டன் அதற்குள் வேனுக்குள் ஏறிவிட்டார்.

குழந்தை தூங்கவில்லை. தொட்டிலில் மல்லாந்து படுத்து, சத்தமே இல்லாமல் மும்முரமாக எதையோ மென்றுகொண்டிருந்தது. கழுத்தில் வெறும் நூல் கிடந்தது. போர்வையெங்கும் தேன் நிற மணிகள். மிஸ் டர்ஸ்டன் ஒரு கையால் குழந்தையைத் தூக்கிக் குப்புறச் சாய்த்து, மறு கையின் சுண்டுவிரலைக் கன்னத்தின் ஓரமாக விட்டு வளைத்தார். ஒரு மணி எச்சிலோடு வெளியே விழுந்தது. பிறகு குழந்தை வேன் அதிர வீறிட்டது. அதுவரை அழுகைச் சத்தத்தை இவ்வளவு ஆசையாக ஹெஸ்டர் கேட்டதில்லை.

"மொத்தம் எத்தன மணி?" என்று மிஸ் டர்ஸ்டன் கேட்டார்.

"முப்பத்தி மூணு."

"எண்ணுங்க."

ஹெஸ்டர் முழங்காலிட்டுப் போர்வையை உதறி உதறிப் பொறுக்கினாள். அவசரத்தில் இரண்டு தடவை கணக்குத் தப்பியது. லினெட் கோடரியைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்றாள். மூன்றாம் தடவை, வாயிலிருந்து வந்ததோடு சேர்த்து, முப்பத்து இரண்டு. மிஸ் டர்ஸ்டன் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார், உதட்டைப் பார்த்தார். லினெட்டைக் குழந்தையின் உடுப்பைக் கழற்றச் சொன்னார். கால்சட்டையின் மடிப்பிலிருந்து முப்பத்துமூன்றாவது மணி தரையில் விழுந்து உருண்டது. மூன்று பெண்களும் அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஹெஸ்டர் எதையும் மறைக்கவில்லை. புத்தகத்தில் இருந்தது, படித்தேன், என் மூளையை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் படித்தேன், தப்பு என்னுடையது என்று சொன்னாள். லினெட் நாலு வார்த்தை நன்றாகவே கேட்டாள். கேட்டுவிட்டு, குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, டீக்குத் தண்ணீர் வைத்தாள். கரண்டி ஒன்றை வாய்க்கால் தண்ணீரில் குளிரவைத்துத் துடைக்கப்போனவளைத் தடுத்து, நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார் மிஸ் டர்ஸ்டன். வில்லோ கரண்டியைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

திரும்பி வந்து, கடைக்கு முன்னால் காரை நிறுத்திய பிறகும் மிஸ் டர்ஸ்டன் இறங்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"இத எங்க வாங்கினீங்க?"

சர்ச் ஹால், பழைய சாமான், ஜாம் பாட்டில் என்று ஹெஸ்டர் சொன்னாள். மிஸ் டர்ஸ்டன் தலையசைத்தார்.

"எங்க அம்மாவோட புத்தகம். எழுதினது நான்."

ஹெஸ்டருக்கு முதலில் புரியவே இல்லை. தாடியும் பைப்பும் அவ்வளவு சீக்கிரம் மனதைவிட்டுப் போகவில்லை. எத்தனையோ மாதம் இவர் கையால் மருந்து வாங்கியும் கையெழுத்தைப் பார்த்ததில்லை, சீட்டெல்லாம் மெஷினில் அடித்து வருவது.

மிஸ் டர்ஸ்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அம்மா நான் சொன்னா கேக்க மாட்டா. அஞ்சு வருஷம் மருந்து படிச்சிட்டு வந்தவ பேச்சு காத்தோட போயிடும். ஆனா அந்த நீலப் புத்தகத்துல இருந்தா அது வேதவாக்கு. சரி, அப்ப அதுலயே இருந்து தொலையட்டும்னு ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதினேன். யார் எழுதினதுன்னு ஒரு நாள்கூடக் கேக்கல. புத்தகம் சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டா. எண்பத்தி நாலு வயசு வரைக்கும் இருந்தா. போனதுக்கப்பறம் அதப் பாக்கவே முடியல, தூக்கிக் குடுத்துட்டேன்."

ஆக, "எத்தனை தடவை சொல்வது" என்பது அம்மாவுக்கு. அந்த வீட்டையும், எரிந்த திரைச்சீலையையும், கழுவிக் கரைந்துபோன கல்லையும், தலையில் அடித்துக்கொண்டு பென்சில் சீவும் மகளையும் ஹெஸ்டரால் இப்போது கண்ணால் பார்ப்பதுபோல் பார்க்க முடிந்தது.

"நாப்பத்தொண்ணாம் பக்கம்" என்றாள் ஹெஸ்டர். "செவ்வந்திக்கல்."

மிஸ் டர்ஸ்டன் திரும்பிப் பார்த்தார்.

"அதான் நான் மொதல்ல எழுதினது. அம்மாவுக்கு விளக்கச் சுத்தி வளையம் தெரிஞ்சுது. சாமி காட்டுதுன்னு கல்ல நெத்தியில வச்சுக்கிட்டு ஒரு வாரம் படுத்திருந்தா. நான் வெளியூர்ல படிச்சிட்டிருந்தேன். வந்து பாக்கறப்ப ஒரு கண்ணு போயிடுச்சு. அன்னிக்கி எழுத ஆரம்பிச்சேன். அந்தப் பக்கம் எழுதி யாருக்கும் பிரயோசனமில்ல, கோவத்துல எழுதினது."

"எனக்குத் தெரிஞ்சுது வளையம்" என்றாள் ஹெஸ்டர். "பதினோரு வருஷத்துக்கு முன்னால. காரிஸ் கேக் செஞ்சு கொண்டாந்தா. நான் அந்தப் பக்கத்தப் படிச்சிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி போனேன். நீங்க மாசாமாசம் எனக்குக் குடுக்கறீங்களே சொட்டு மருந்து, அது எதுக்குன்னு நெனச்சீங்க? நான் இப்ப உங்க மூஞ்சியப் பாக்கறேன்னா அது நீங்க எழுதினதாலதான்."

மிஸ் டர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. ஹெஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் யாருக்கென்று தெரியாமல் சொல்லிவந்த நன்றியை, பதினொரு வருடத்துக்கும் சேர்த்து, முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொன்னாள். ஒன்றிரண்டு பேர் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மருந்துக்கடை திறப்பதற்கு முன்னால் மிஸ் டர்ஸ்டன் ஹெஸ்டரின் கடைக்குள் வந்தார். பத்தொன்பது வருடத்தில் இரண்டாவது தடவை. கிண்ணத்தை ஓரக்கண்ணால் பார்த்தார், கையை விடவில்லை. மூன்று புத்தகத்தையும் மேஜைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார். எது உண்மை சொல்கிறது என்று பார்க்கப்போகிறார், ஒவ்வொன்றாகப் பிரித்துக் கிழிக்கப்போகிறார் என்று ஹெஸ்டர் எதிர்பார்த்தாள். அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பையிலிருந்து பென்சில் ஒன்றை எடுத்தார்.

தலையணைப் புத்தகத்தில் ஓரமே இல்லை, எழுத்து விளிம்புவரை வந்து நின்றது. வழவழப்புத் தாளில் பென்சில் வழுக்கிக்கொண்டு போனது, ஒரு கோடுகூடப் பதியவில்லை. பழுப்பு அட்டையைத் திறந்தார். சொரசொரத் தாள், மோசமான படம், ஒவ்வொரு பக்கத்திலும் கட்டைவிரல் இரண்டு அகலத்துக்கு வெறும் ஓரம்.

"இதுதான்" என்றார்.

"படம் சகிக்கல" என்றாள் ஹெஸ்டர்.

"படத்த விடுங்க. எல்லாப் புத்தகமும் தப்பாத்தான் இருக்கும். எழுத எடம் இருக்கான்னு பாக்கணும்."

ஹெஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள், டீ வைத்தாள். இதில் முன்னூறு கல் இருக்கிறது, பழையதில் இல்லாதது பாதி என்றாள். அவசரமில்லை, தினமும் கடை திறக்குமுன் அரைமணி நேரம் வருகிறேன் என்றார் மிஸ் டர்ஸ்டன். அம்பர் பக்கத்தை முதலில் எடுத்தார். நேற்றைய மூன்று வரியோடு, முடிச்சில்லாத மாலையைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தார். ஹெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு செவ்வந்திக்கல். பழைய தாளைப் பார்க்காமலேயே எழுதினார், வார்த்தை மாறவில்லை. அது மூன்றாவது கண் அல்ல. இன்றே ஆஸ்பத்திரி. நாளை அல்ல, இன்றே.

எழுதி முடித்துப் புத்தகத்தை ஹெஸ்டர் பக்கம் திருப்பினார். ஹெஸ்டர் நின்றபடியே படித்துவிட்டு, விரலால் அடியில் மிச்சமிருந்த இடத்தைத் தொட்டாள்.

"அதையும் எழுதுங்க."

"எத?"

"எத்தன தடவ சொல்றதுன்னு."

மிஸ் டர்ஸ்டனின் பென்சில் தாளுக்கு மேலே நின்றது. "அது அம்மாவுக்கு" என்றார்.

"தெரியும். எனக்கும் வேணும், அதான் கேக்கறேன்."

அவர் எழுதினார். எழுதிவிட்டு, டீயில் ஒரு வாய் குடித்து, பென்சிலைக் கீழே வைக்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.